வாரேன் என்று சொன்னவள்

இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்களை அடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வது எப்பேர்ப்பட்ட கூத்து என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓர் எழுத்தைத் தட்டினால் ஒரு கை வளையல் மொத்தமும் பதில் சொல்லும். முத்துமீனா காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள். கீழக்குயில்குடியில் அந்தத் தெருவே வளைகாப்பு இன்னும் முடியவில்லை என்று நினைத்திருக்கும்.

வளைகாப்பு போன ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. கன்னத்தில் சந்தனம் பூசி, கட்டுச்சோறு கட்டி, புருஷன் வீட்டிலிருந்து தாய் வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அந்த வழக்கத்தோடு மீனாவுக்கு ஒரு சண்டையும் இல்லை. அவளுடைய சண்டை தல்லாகுளத்து ஆபீசோடு.

வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற ஆபீஸ் அது. கோர்ட்டுக்குப் போகிற வழியில், ஒரு மாடியில் இருந்தது. முன்பு ஒரு தடவை வைரஸ் வந்து அங்கிருந்த கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிட்டன. அத்தனையிலும் லினக்ஸ் போட்டு எழுப்பி உட்கார வைத்தவள் மீனா. காசு கொடுத்து வாங்க வேண்டாத சரக்கு என்றதுமே முதலாளி பத்ரிநாத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு ஜன்னலோரத்தில் கொடுத்த நாற்காலிதான் மீனாவின் நாற்காலி. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை.

பத்ரிநாத் கெட்டவர் இல்லை. ஆனால் ஆளைக் கண்ணால் பார்த்தால்தான் வேலை நடக்கிறது என்று நம்புகிற ரகம். கடைசி நாளன்று மீனா பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "அப்ப போறியாம்மா?" என்றார்.

நம் ஊரில் வீட்டு வாசலில் நிற்கிறவரைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? எழவு வீட்டில்தான் சொல்லாமல் போவார்கள். மற்ற எல்லா வாசலிலும் ‘போயிட்டு வாரேன்’தான். பாலுக்குப் போகிறவன்கூட வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். மீனாவுக்குச் சுருக்கென்றது.

"போகல சார். போயிட்டு வாரேன்" என்றாள்.

"அதான்மா. பிள்ளை பெத்து, நல்லபடியா எந்திரிச்சு, அப்புறமாப் பாப்போம். அதுவரைக்கும் எங்க சித்தப்பா பையன் கிரிதரன் அந்தச் சேர்ல இருக்கட்டும்."

கிரிதரன் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். மீனா பையைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டிலிருந்தே இந்த மெஷினுக்குள் வந்து வேலை பார்க்க முடியும் என்றாள். அங்கே மவுஸை நகர்த்தினால் இங்கே அம்புக்குறி நகரும், அவ்வளவுதான் விஷயம் என்று விளக்கினாள்.

"கதவத் திறந்து வச்சா கண்டவனும் நுழைவானே" என்றார் பத்ரிநாத்.

"ஒரே ஒரு வாசல்தான் சார். சாவி என்கிட்ட மட்டும் இருக்கும்."

அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரி. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன். வேலை நடந்துச்சுன்னா சேர் உன்னுது. நடக்கலேன்னா திங்கக்கிழமை கிரிதரன் வந்துருவான்."

அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

மீனா தன் பழைய கம்ப்யூட்டரை மேஜையோடு தாய் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள். அதிலும் லினக்ஸ்தான். மாட்டி எழுப்பி ஓட வைக்கவே வாரம் போய்விட்டது. பிராட்பேண்ட் எல்லாம் மதுரை டவுனுக்குள் இப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. கீழக்குயில்குடிக்கு டெலிபோன் ஒயர்தான் கதி. ஆபீஸ் கனெக்‌ஷனின் தினமும் மாறுகிற இன்டர்நெட் நம்பரைக் காலையில் ரம்யாஸ்ரீ போனில் படித்துச் சொன்னாள். ரம்யாஸ்ரீ பக்கத்து நாற்காலிக்காரி, மீனாவுக்கு அங்கே இருக்கிற ஒரே சேக்காளி. நம்பரைக் குறித்துக்கொண்டு மீனா, டெலிபோன் ஒயரில் இன்டர்நெட்டைப் பிடித்துத் தருகிற மோடத்தைத் தட்டிவிட்டாள்.

அது கிரீச்சிட்டது. அம்மா பாண்டியம்மாள் தொழுவத்திலிருந்து சாணிக் கையோடு ஓடி வந்தாள்.

"என்னடி இது, கோழி கழுத்தத் திருகுன மாதிரி கத்துது?"

"ஆபீசோட பேசுதும்மா."

"நல்லாப் பேசுது போ."

மீனா முதலில் அந்த ஒற்றை வாசல் வழியாக ஆபீஸ் மெஷினுக்குள் நுழைந்தாள். உள்ளே போனதும், தூரத்திலிருந்து பார்க்கத் தனக்கென ஒரு திரையைத் திறக்கும்படி அதற்குக் கட்டளை கொடுத்தாள். டெலிபோன் ஒயரில் அவ்வளவு வண்ணம் வராது என்று வண்ணங்களைக் குறைத்தாள். மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சாயம் போன சுவரொட்டி மாதிரி ஒரு திரை வந்து நின்றது. மவுஸை நகர்த்தினாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து அம்புக்குறி நகர்ந்தது. வயிற்றுக்குள் பிள்ளையும் ஓர் உதை விட்டது.

"இரு, நீயும் அவசரப்படாத" என்று அதற்கும் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

லண்டனுக்குப் போக வேண்டிய புத்தகம் ஒன்று பாதியில் நின்றது. பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பட்டென்று எல்லாம் உறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"மாட்டு டாக்டருக்கு ஒரு போனப் போடலாம்னு எடுத்தேன். உள்ள யாரோ உஸ்ஸுனு இரையிறாங்கடி."

"அம்மா, அது நாந்தான். போனத் தொட்டா எனக்கு லைன் அந்துரும்."

"ஆத்தாடி, போச்சா வேலை?" பாண்டியம்மாள் பதறிவிட்டாள்.

வேலை போகவில்லை. மறுபடி டயல் செய்து உள்ளே போனால், விட்ட இடத்தில் விட்டபடியே காத்திருந்தது. பாண்டியம்மாளுக்கு அது பிடித்துப் போயிற்று. வாசலுக்குப் போய், கோழி அடைக்கிற பஞ்சாரத்தைத் தூக்கி வந்து போன் மேல் கவிழ்த்தாள். பக்கத்திலேயே அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் அரிய ஆரம்பித்தாள். திருப்பூரில் இருக்கிற மகனோடு பேச வேண்டும் என்று வந்த பக்கத்து வீட்டு மலையம்மாளை, "போனுக்கு அடை வச்சிருக்கு, பொழுது சாய வா" என்று திருப்பி அனுப்பினாள்.

உச்சி வெயிலுக்கு முன்னால் புத்தகம் முடிந்தது. மீனா லைனைத் துண்டித்துவிட்டு, பஞ்சாரத்தைத் தூக்கி ஆபீசுக்குப் போன் போட்டாள். குரலில் துள்ளலை அடக்கிக்கொண்டுதான் பேசினாள்.

"சார், முடிச்சாச்சு. பாத்தீங்களா?"

"என்னத்தப் பாக்க?" என்றார் பத்ரிநாத். "காலையிலேருந்து உன் டேபிள் முன்னாடிதான் சேரப் போட்டு உக்காந்திருக்கேன். ஸ்கிரீன் பூட்டின மேனிக்குக் கெடக்கு. ஒரு பொட்டு அசையல."

"புத்தகம் முடிஞ்சிருக்கு பாருங்க சார்."

"முடிஞ்சிருக்கு. ரம்யா முடிச்சிருக்கா."

பின்னாலிருந்து ரம்யாஸ்ரீ, "நான் தொடவே இல்ல சார்" என்பது கேட்டது.

"நீ அவளுக்கு ஏந்துக்கிட்டுத்தான் பேசுவ. இங்க பாரு மீனா, நீ கெட்டிக்காரி, இல்லேங்கல. ஆனா கண்ணுல பாக்காத வேலைக்கு நான் எப்படிச் சேர் போடுறது? கிரிதரன வரச் சொல்லிட்டேன்."

மீனாவுக்குக் காது சூடேறியது. அதே நொடியில் தப்பு எங்கே என்பதும் புரிந்துவிட்டது. தப்பு அவளுடையதுதான். தனக்கென்று தனித் திரை திறந்துகொண்டாள் அல்லவா? அது மெஷினுக்குள் இருக்கும், அவளுக்குத் தெரியும், ஆபீசில் மேஜை மேல் இருக்கிற மானிட்டர் கண்ணாடியில் மட்டும் தெரியாது. ஒரே வீட்டில் தனி வாசல் வைத்துக் குடியிருந்த மாதிரி, காலை முழுக்க அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள், யார் கண்ணிலும் படாமல்.

"சார், சாயங்காலம் வரைக்கும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இன்னும் சாயங்காலம் ஆகல. அந்தச் சேர விட்டு எந்திரிக்காதீங்க."

முதலாளியைப் பார்த்து அப்படிச் சொல்கிற ஆள் அந்த மாடியில் இதுவரை பிறக்கவில்லை. சொன்ன பிறகுதான் மீனாவுக்கே தெரிந்தது. ரிசீவரை வைத்துப் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி டயல் செய்தாள்.

இந்தத் தடவை தனித் திரை வேண்டாம். மேஜை மேலிருக்கிற அந்தத் திரையையே பிடிக்க வேண்டும். அதற்கு வேறொரு சின்ன புரோகிராம் உண்டு. ஆபீஸ் மெஷினே தன் பிராட்பேண்டில் அதை இறக்கிக்கொள்ளட்டும் என்று கட்டளையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். அது பாதி இறங்கியிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மாமியார் செல்லத்தாய் ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் பழைய வேட்டித் துணி மூட்டையோடு இறங்கினாள். பின்னால் மீனாவின் புருஷன் மருது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். கடையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், சட்டையில் மல்லிகைக் காம்பு ஒட்டியிருந்தது.

"எங்க எம்மருமக? எந்த ஆஸ்பத்திரி?" செல்லத்தாய்க்கு மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரியா? வாங்க மதினி, என்ன இப்படி ஓடியாறீங்க?" என்று எழுந்தாள் பாண்டியம்மாள்.

"விடிஞ்சதுலேருந்து போனப் போடுறேன், போடுறேன், எங்கேஜு எங்கேஜுங்குது. மாசம் முழுக்க ஆகலயே, வலி வந்துருச்சோ, ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு நமக்கு மட்டும் சொல்லாம இருக்காகளோன்னு ஈரக்கொல நடுங்கிப் போச்சு."

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் போன் விடாமல் எங்கேஜாக இருந்தால் வேறென்னதான் நினைப்பார்கள்? மீனாவுக்கு அது தோன்றவே இல்லை. எழுந்து வரப் பார்த்தாள். அதற்குள் செல்லத்தாய் உள்ளே வந்து, பஞ்சாரத்துக்குள் இருந்த போனையும், மருமகள் முன்னால் எரிந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரையும் பார்த்துவிட்டாள். பயம் இறங்கியது. இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது.

"இதுக்குத்தானா? பிள்ளைத்தாச்சி, அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்துக்கிட்டு? அதுலேருந்து என்னமோ கதிரு வருமாமே. எம்பேரப்பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? டேய் மருது, அத அமத்துடா."

மருது மீனாவைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "விட்டுரு மீனா. இம்புட்டுப் போராடி அந்த வேலை என்னத்துக்கு?" என்றான்.

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தாங்க. விட்டா என் எடம் போயிரும்" என்றாள் மீனா.

"போனாப் போகட்டுமே. நான் என்ன சோறு போடாமயா இருக்கேன்?"

"உங்க சோறு பத்தலேன்னு நான் சொன்னேனா? அது என் எடம். அதான் வேணுங்குறேன்."

மருது ஒயரைத் தேடிக் குனிந்தான். அதற்கு முன் பாண்டியம்மாள் வந்து சுவரில் இருந்த பிளக்குக்கு முன்னால் நின்றுவிட்டாள். கையில் வெங்காயம் அரிந்த அருவாமனைகூட அப்படியே இருந்தது. அவளாக வேண்டுமென்று எடுத்து வரவில்லை, ஆனால் கீழே வைக்கவும் இல்லை.

"மாப்ள, நில்லுங்க. மதினி, நீங்களும் கேளுங்க. இவள வயித்துல வச்சுக்கிட்டுத்தான் நான் ஊரான் வயல்ல நாத்து நட்டேன். குனிஞ்சா நிமுர முடியாது. அப்ப ஒருத்தராச்சும் வந்து, பிள்ளைக்கு ஆகாது, கரையேறி உக்காருன்னு சொன்னாகளா? வரப்புல நின்னு வெரட்டத்தான் ஆளிருந்துச்சு. இன்னிக்கு எம்மக ஃபேனுக்குக் கீழ சேர்ல உக்காந்து பாக்குற வேலைதான் எல்லாத்துக்கும் கண்ண உறுத்துதோ? பிள்ளையப் பத்தி நான் பாத்துக்கிறேன். அவ வேலைய அவ பாக்கட்டும். என்னத் தாண்டி யாரும் கைய வைக்கக் கூடாது."

செல்லத்தாய் வாயைத் திறந்தாள். அவளும் நாற்று நட்டவள்தான். மருதுவைச் சுமந்துகொண்டு களையெடுத்த கதையை மீனாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, பிளாஸ்க்கைத் தரையில் வைத்து, மூட்டை மேலேயே உட்கார்ந்தாள்.

"தண்ணி குடு மதினி" என்றாள் கடைசியில்.

புரோகிராம் இறங்கி முடிந்திருந்தது. மீனா அதை ஓடவிட்டாள். டெலிபோன் ஒயர் வழியே ஆபீஸ் மேஜையின் திரை மெல்ல வந்து சேர்ந்தது. பூட்டிய திரை, நடுவில் ரகசியச் சொல் கேட்கிற கட்டம். பத்ரிநாத் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்ன அதே திரை.

"உங்க செல்போனத் தாங்க" என்று புருஷனிடம் கை நீட்டினாள்.

மருது தயங்கினான். வீட்டுக்குள் டவர் கிடைக்காது என்று சொல்லிப் பார்த்தான். "அப்ப வாசப்படியில நின்னு ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள். அம்மாவும் மாமியாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவன் வாசற்படிக்குப் போய் ஆபீஸ் நம்பரை அழுத்தினான்.

"சார், மீனா பேசுறேன். சேர்லதான இருக்கீங்க?" உள்ளேயிருந்தே சத்தமாகக் கேட்டாள்.

"இருக்கேன். இருக்கச் சொல்லிட்டியே" என்றது பத்ரிநாத்தின் குரல்.

"என் ஸ்கிரீனப் பாருங்க."

மவுஸை நகர்த்தினாள்.

"சார், அசையுது" என்றது போனில் ரம்யாஸ்ரீயின் குரல்.

மீனா ரகசியச் சொல்லைத் தட்டினாள். ஆபீசில் யாரும் தொடாத கீபோர்டுக்கு மேலே, கட்டத்துக்குள் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்திருக்கும். பூட்டு திறந்தது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வளையல்கள் குலுங்கக் குலுங்கத் தமிழில் அடித்தாள். எழுத்துகள் நின்று நின்றுதான் போயின. போகட்டும் என்று விட்டுவிட்டாள். மெதுவாகப் படித்தால் இன்னும் நல்லது.

‘போறேன்னு சொல்லல சார். போயிட்டு வாரேன்னு சொன்னேன். வந்துட்டேன்.’

போனில் ரம்யாஸ்ரீ சிரிப்பதும், யாரோ நாற்காலியை இழுப்பதும் கேட்டது. அப்புறம் மீனாவின் திரையில், அவள் கையே வைக்காமல், அம்புக்குறி தானாக ஒரு இழுவை இழுத்தது. இடப்பக்கம் போய், வலப்பக்கம் வந்து, அவள் அடித்த வரி மேல் நின்றது.

"பயந்துராதம்மா, நாந்தான்" என்றார் பத்ரிநாத். "தொட்டுப் பாத்தேன். நெசமாவே நீதானான்னு."

மீனா மவுஸைப் பிடித்து அம்புக்குறியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாந்தான் சார்."

"சரிம்மா. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? சேர் உன்னுதுதான். கிரிதரனுக்கு நான் வேற எங்கயாச்சும் சொல்லிவிடுறேன்."

பாண்டியம்மாள் அருவாமனையைக் கீழே வைத்தாள். செல்லத்தாய்க்குப் பாதி புரிந்ததோ என்னவோ, மருமகள் ஜெயித்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெட்டிக்காரிதான்" என்று முணுமுணுத்தாள். மீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் ஆபீசுக்குக் கேட்காமல் விழுங்கிக்கொண்டாள்.

அத்தோடு பத்ரிநாத் போனை வைத்திருக்கலாம். அவர் வைக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்காதம்மா. உன்ன வேணாம்னு நானா நெனைக்கல. போன மாசம் உன் வீட்டுக்காரரே ஆபீசுக்கு வந்து சொன்னாரு. மீனா இனிமே வேலைக்கு வராது, அதுக்கிட்ட இப்ப சொல்லிக்காதீங்க, ஆளப் பாத்துக்கங்கன்னு. அத நம்பித்தான் நான் கிரிதரனுக்கு வாக்குக் குடுத்தேன்."

ஸ்பீக்கரில் வந்த குரல் வீடு முழுக்கக் கேட்டது. போன் மருதுவின் கையில்தான் இருந்தது. அவன் ஏதோ பொத்தானை அழுத்தினான், பேச்சு நின்றது. ஆனால் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"நீயாடா?" என்றாள் செல்லத்தாய். அவளுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

மருது சட்டையில் ஒட்டியிருந்த மல்லிகைக் காம்பை எடுத்துப் போட்டான். அவன் முகத்தில் வெட்கம் இருந்தது. வெட்கத்துக்குக் கீழே வேறேதோ ஒன்றும் இருந்தது, ஒரு பயம் மாதிரி. சோறு போடுகிறவன் என்ற தன் இடம் போய்விடுமோ என்கிற பயமா என்று மீனாவுக்குத் தோன்றியது.

"ஏங்க அப்படிச் செஞ்சீங்க?" என்று மீனா கேட்டாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். ஆட்டோக்காரன் காத்திருப்பதாகவும், மார்க்கெட்டில் கடை திறந்தபடி கிடப்பதாகவும் வாசலைப் பார்த்துச் சொன்னான். படியில் இறங்கிய பிறகுதான் திரும்பினான்.

"போயிட்டு வாரேன், மீனா."

போயிட்டு வாங்க என்று பதில் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. அவன் நின்றான். அம்மா அவளைப் பார்த்தாள், மாமியாரும் பார்த்தாள்.

மீனா திரை பக்கம் திரும்பி, அடுத்த புத்தகத்தைத் திறந்து தட்ட ஆரம்பித்தாள். படியில் நின்றவனுக்கு வளையல் சத்தம்தான் கேட்டது.